காலேஜ் வாத்தியாருக்கு யார் மாலை போடுவது?

போன மாதம் ஒரு சனிக்கிழமை. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. (மினசோட்டாவில் இதெல்லாம் ஒரு செய்தியே இல்லை.) காலேஜிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த மகள், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு எதையோ தட்டுவதும் அழிப்பதுமாக இருந்தாள். ஹோம்வொர்க் என்று நினைத்து நான் பக்கத்தில் போகவில்லை. அரைமணி கழித்து அவளே கூப்பிட்டாள்.

"அப்பா, ஒருத்தர் ரொம்ப நல்ல டீச்சர்னு எப்படிப்பா எழுதறது? 'அவர் கிளாஸ் நல்லா இருந்துச்சு'ன்னு எழுதினா சின்னப்புள்ளத்தனமா இருக்கு."

விஷயம் இதுதான். அவள் படிக்கும் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1965-லிருந்து ஒரு விருது இருக்கிறது. ஹோரஸ் மோர்ஸ் என்பவர் பெயரில், பல்கலைக்கழகமும் பழைய மாணவர் சங்கமும் சேர்ந்து கொடுப்பது. எத்தனை கண்டுபிடிப்பு, எத்தனை கட்டுரை என்று பார்த்துக் கொடுப்பதில்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு நேரே வந்து உட்காரும் இளநிலைப் பிள்ளைகளின் படிப்புக்கு நல்லது செய்த பேராசிரியர்களுக்கென்றே உள்ளது. அதற்கு அவளுடைய பேராசிரியர் ஒருவரைப் பரிந்துரை செய்கிறார்கள். அவரிடம் படித்த மாணவி என்ற முறையில் இவளிடம் ஒரு கடிதம் கேட்டிருக்கிறார்கள்.

"அவர் என்ன செய்தார்னு எழுதாதே, உனக்கு என்ன ஆச்சுன்னு எழுது" என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டுக் காப்பி போடப் போனேன். பின்னாலேயே அடுத்த கேள்வி வந்தது.

"உங்க காலேஜ்ல இந்த அவார்டு யாருக்குப்பா கொடுத்தாங்க?"

நான் பெங்களூரில் பி.எஸ்ஸி. படித்தவன். 1988-லிருந்து 91 வரை. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. எங்களுக்குப் பாடம் நடத்திய யாருக்கும், பாடம் நடத்தியதற்காக யாரும் எதுவும் கொடுத்ததாக நினைவில்லை. கொடுக்க ஏதாவது இருந்ததா என்பதே தெரியவில்லை.

அந்தக் கேள்வியோடு ரெண்டு மூணு வாரம் புத்தகமும் கையுமாக அலைந்ததில் சேர்ந்ததுதான் இந்தப் பதிவு. கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சாச்சு, கொஞ்சம் பொறுத்துக்கங்க :-)

*

முதலில் எங்க ஊர்க்காரரிலிருந்து ஆரம்பிக்கிறேன். ராஜாஜி. ஓசூர் பக்கத்தில் தொரப்பள்ளி. 1878-ல் பிறந்தவர். ஓசூர் பக்கத்துப் பிள்ளைகள் மேலே படிக்க வேண்டும் என்றால் அன்றைக்கும் இன்றைக்கும் மெட்ராஸை விடப் பெங்களூர்தான் கிட்டே. நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூர் வந்துவிடும். அவரும் அங்கேதான் போனார். மைசூர் பேங்க் சர்க்கிள் பக்கத்தில் இருக்கும் சென்ட்ரல் காலேஜ்.

அந்தக் காலேஜ் 1858-ல் பெங்களூர் ஹைஸ்கூலாக ஆரம்பித்தது. 1875-ல் சென்ட்ரல் காலேஜ் என்று பெயர் வந்தது. 1916-ல் மைசூர் பல்கலைக்கழகம் வரும்வரைக்கும் அங்கே படித்தவர்கள் எழுதியது மெட்ராஸ் பல்கலைக்கழகப் பரீட்சைதான். விஸ்வேஸ்வரய்யா 1881-ல் பி.ஏ. முடித்ததும் இங்கேதான்.

ராஜாஜி படித்தபோது அங்கே ஆங்கிலம் நடத்தியவர் ஜான் குத்ரி டெய்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பின்னால் அதே காலேஜுக்குப் பிரின்சிபாலும் ஆனார். இவரைப் பற்றித் தேடியபோது சுவாரசியமான விஷயங்கள் கிடைத்தன. இவருடைய அப்பா பீட்டர் குத்ரி டெய்ட், எடின்பரோவில் பெரிய இயற்பியல் பேராசிரியர். லார்ட் கெல்வினோடு சேர்ந்து 1867-ல் இயற்பியலுக்கு ஒரு பெரிய பாடநூல் எழுதியவர். தம்பி ஃப்ரெடி டெய்ட் பேர்போன கோல்ஃப் வீரர். நம்ம ஜான் டெய்ட்டோ இளவயசில் ஸ்காட்லாந்து நாட்டுக்காக ரக்பி ஆடியவர். ஓய்வு பெற்று ஊருக்குப் போனபிறகும் சும்மா இல்லை. சர் வால்டர் ஸ்காட்டின் நாட்குறிப்பைச் சரிபார்த்து 1939-லிருந்து தொகுதி தொகுதியாகப் பதிப்பித்தார். 1945-ல் காலமானார்.

இப்போது ஒன்றைக் கவனியுங்கள். அவர் ரக்பி ஆடினார் என்பது விளையாட்டுப் பட்டியல்களில் இருக்கிறது. ஸ்காட்டின் நாட்குறிப்பைப் பதிப்பித்தார் என்பது நூலகப் பட்டியல்களில் இருக்கிறது. பெங்களூரில் வருஷக்கணக்காகப் பி.ஏ. பையன்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தாரே, அது எந்தப் பட்டியலில் இருக்கிறது?

ராஜாஜியின் ஆங்கிலத்தைப் படித்தவர்களுக்குத் தெரியும். சின்னச் சின்ன வாக்கியங்கள். ஒரு சொல் கூடுதலாக இருக்காது. மகாபாரதத்தை அவர் ஆங்கிலத்தில் சொன்ன விதத்தில் எத்தனையோ பேர் வீட்டில் பிள்ளைகள் அந்தக் கதையை முதன்முதலாகத் தெரிந்துகொண்டார்கள். இங்கே எங்கள் வீட்டிலும் அப்படித்தான். அந்த எளிமையில் டெய்ட் வகுப்பின் பங்கு கால்வாசியா, அரைக்கால்வாசியா, ஒன்றுமே இல்லையா? யாராலும் அளந்து சொல்ல முடியாது. பிரச்சினையே இதுதான். காலேஜ் வாத்தியார் போட்ட விதை இன்னொருத்தர் தோட்டத்தில் முளைக்கிறது. காய்க்கும்போது வாத்தியார் அங்கே இருப்பதில்லை.

*

அப்படியானால் நல்ல ஆசிரியரை யாருமே கொண்டாடவில்லையா? கொண்டாடினார்கள். அந்தக் கதைக்குப் பெங்களூரிலிருந்து மைசூர் போக வேண்டும்.

1918-ல் மைசூர் மகாராஜா காலேஜுக்குத் தத்துவம் நடத்த ஒருவர் வந்தார். திருத்தணியில் பிறந்து, மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜில் வேலை பார்த்தவர். சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். மூணே வருஷம்தான் இருந்தார். 1921-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் பெரிய பதவி கிடைத்துக் கிளம்பினார். ரயிலடிக்குப் போகக் குதிரை வண்டி. பசங்கள் குதிரையை அவிழ்த்துவிட்டார்கள். வண்டியைப் பூவால் அலங்கரித்து, தாங்களே நுகத்தடியைப் பிடித்து ஸ்டேஷன் வரைக்கும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

தேர்வுக் குழு கிடையாது. விண்ணப்பப் படிவம் கிடையாது. மூணு பேர் சிபாரிசு கிடையாது. என்னைக் கேட்டால், நம்ம பக்கத்தில் ஒரு காலேஜ் வாத்தியாருக்குக் கிடைத்த மிகப் பெரிய விருது அதுதான்.

அவர் 1962-ல் குடியரசுத் தலைவர் ஆனார். அந்த வருஷத்திலிருந்து அவருடைய பிறந்தநாளான செப்டம்பர் 5 ஆசிரியர் தினம். இது நம் எல்லோருக்கும் தெரியும்; பள்ளிக்கூடத்தில் ரோஜாப்பூ வாங்கிக்கொண்டு போய் டீச்சரிடம் நீட்டியிருப்போம். எனக்குத் தெரியாமல் இருந்தது இன்னொன்று. மத்திய அரசு 1958-லிருந்தே தேசிய நல்லாசிரியர் விருது கொடுத்து வருகிறது. அது பள்ளி ஆசிரியர்களுக்கு மட்டுமே இருந்தது. கல்லூரி ஆசிரியர்களை அந்த விருதுக்குள் முதன்முதலாகச் சேர்த்தது 2023-ல். அந்த வருஷம் மொத்தம் 75 பேர்: பள்ளியிலிருந்து 50, உயர்கல்வியிலிருந்து 13, தொழிற்பயிற்சியிலிருந்து 12. ஒரு சான்றிதழ், 50,000 ரூபாய், ஒரு வெள்ளிப் பதக்கம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 65 வருஷம். வாழ்நாளில் காலேஜ் பிள்ளைகளுக்குத்தான் பாடம் நடத்தினார் ராதாகிருஷ்ணன். அவருடைய பிறந்தநாளில் மேடையேற, காலேஜ் வாத்தியார்களுக்கு 65 வருஷம் ஆகியிருக்கிறது.

பள்ளி ஆசிரியர்களுக்குக் கொடுத்தது தப்பு என்று சொல்லவே மாட்டேன். என் அம்மாவே ஆரம்பப் பள்ளி டீச்சர்தான். தப்பு என்று சொன்னால் ஊருக்குப் போகும்போது சாப்பாடு கிடைக்காது. நடுவில் ஒரு கூட்டம் விட்டுப்போனதைச் சொல்கிறேன், அவ்வளவுதான். ஆராய்ச்சி செய்கிறவருக்குப் பட்னாகர் பரிசு இருந்தது. பள்ளிக்கூட வாத்தியாருக்கு நல்லாசிரியர் விருது இருந்தது. பதினெட்டு வயசுப் பையனுக்கு முன்னால் சாக்பீஸோடு நின்ற ஆளுக்குத் தேசிய அளவில் ஒன்றும் இருக்கவில்லை.

*

இனி பெங்களூருக்குத் திரும்புவோம். அந்த ஊரில் காலேஜ் வாத்தியார் என்றாலே பழைய ஆட்கள் சொல்லும் பெயர் ஒன்று உண்டு. எச். நரசிம்மய்யா. ஊருக்கே 'எச்.என்.' கன்னடத்தில் வாத்தியாரை 'மேஷ்ட்ரு' என்பார்கள். எச்.என். மேஷ்ட்ருக்கெல்லாம் மேஷ்ட்ரு.

1920-ல் கௌரிபிதனூர் பக்கம் ஓசூர் என்ற கிராமத்தில் பிறந்தவர். (எங்க ஓசூர் இல்லை, இது வேறே.) ஏழைக் குடும்பம். ஹைஸ்கூல் படிக்கப் பஸ்ஸுக்குக் காசில்லாமல் பெங்களூருக்கு நடந்தே வந்து சேர்ந்தார். பசவனகுடியில் நேஷனல் ஹைஸ்கூல். அப்புறம் சென்ட்ரல் காலேஜில் இயற்பியல். 1942-ல் வெள்ளையனே வெளியேறு போராட்டம் வந்ததும் படிப்பை விட்டுவிட்டு ஜெயிலுக்குப் போனார். திரும்பி வந்து படிப்பை முடித்து, 1946-ல் நேஷனல் காலேஜில் விரிவுரையாளர் ஆனார். அந்தக் காலேஜ் ஆரம்பித்தே ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

பிறகு அமெரிக்கா போனார். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1960-ல் அணுக்கரு இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கினார். அது எப்பேர்ப்பட்ட காலம் என்று யோசியுங்கள். ஸ்புட்னிக் பறந்து மூணு வருஷம். அமெரிக்காவில் இயற்பியல் படித்தவனைத் தேடித் தேடி வேலைக்கு எடுத்த சமயம். இங்கே உட்கார்ந்து கிரீன் கார்டுக்குக் கால்கடுக்க நின்ற நமக்கெல்லாம் அது தெரியும், அந்தப் பட்டத்தின் மதிப்பு. அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு பசவனகுடிக்கே வந்து, பழையபடி பி.எஸ்ஸி. பசங்களுக்கு இயற்பியல் நடத்தினார்.

காலேஜுக்குப் பிரின்சிபால் ஆனார். 1972-லிருந்து 1977 வரை பெங்களூர் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கதர் வேட்டி, கதர் ஜிப்பா, காந்தி குல்லா. வாழ்ந்தது நேஷனல் காலேஜ் மாணவர் விடுதியில் ஒரு அறையில். துணைவேந்தர் ஆனதற்காக அந்த அறையை அவர் விட்டுவிடவில்லை. 2005-ல் காலமானார்.

1962-ல் பெங்களூர் சயின்ஸ் ஃபோரம் என்று ஒன்றை ஆரம்பித்தார். வாராவாரம் புதன்கிழமை சாயங்காலம் நேஷனல் காலேஜில் அறிவியல் பேச்சு. காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் வரலாம். நானே நாலைந்து தடவை போயிருக்கிறேன். பேசியதில் பாதி புரியவில்லை. ஆனால் பெரிய விஞ்ஞானி ஒருவர் பேசி முடித்ததும், என்னை மாதிரிப் பொடியன் ஒருத்தன் எழுந்து கேள்வி கேட்க, அவர் நின்று பதில் சொன்னதைப் பார்த்தேன். கேள்வி கேட்டால் யாரும் அடிக்க மாட்டார்கள் என்று எனக்கு முதன்முதலில் தெரிந்தது அங்கேதான். எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அந்த வழக்கம் இருந்ததில்லை :-)

எச்.என்.னுக்கு 1984-ல் பத்மபூஷண் கிடைத்தது. சரியான ஆளுக்குத்தான் போனது. பல்கலைக்கழக நிர்வாகம், கிராமங்களில் அவர் ஆரம்பித்த பள்ளிக்கூடங்கள், மூடநம்பிக்கைக்கு எதிராக அவர் போட்ட சண்டைகள் என்று ஊருக்குத் தெரிந்த காரணங்கள் நிறைய. நாலு சுவருக்குள் அவர் நடத்திய பாடத்தைத் தனியாக எடுத்து, 'இதற்காக' என்று கொடுக்கத் தேசத்திடம் அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

*

மெட்ராஸ்காரங்க கோவிச்சுக்குமுன் அவங்க ஆள் ஒருத்தரையும் சொல்லிவிடுகிறேன். இவர் கதையும் கடைசியில் பெங்களூரில்தான் வந்து முடியும்.

சார்லஸ் ரசீன். பிரெஞ்சுக்காரர், சேசு சபைப் பாதிரியார். பாரிசில் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டு 1937-ல் இந்தியா வந்தார். முதலில் திருச்சி செயின்ட் ஜோசப் காலேஜ். 1939-லிருந்து மெட்ராஸ் லயோலா காலேஜ். 1967-ல் ஓய்வு பெறும்வரை அங்கேதான்.

அந்தக் காலத்தில் நம்ம காலேஜ்களில் கணிதப் பாடம் ஐரோப்பா விட்டெறிந்து முப்பது நாற்பது வருஷம் ஆன சரக்கு. ரசீன் வெளியில் அன்றைக்கு நடந்துகொண்டிருந்த கணிதத்தைப் பசங்கள் காதில் போட்டார். நல்ல பையனாக ஒருத்தன் தென்பட்டால், பம்பாயில் புதிதாக வந்திருந்த டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்குப் போகச் சொன்னார். வேலூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த எம்.எஸ். நரசிம்மன், காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, இளவயசிலேயே போய்ச் சேர்ந்துவிட்ட சி.பி. ராமானுஜம் மூணு பேரும் லயோலாவில் அவரிடம் படித்தவர்கள். நரசிம்மனும் சேஷாத்ரியும் சேர்ந்து 1965-ல் நிரூபித்த தேற்றம் இன்றைக்கும் உலகம் முழுக்க அவர்கள் ரெண்டு பேர் பெயரிலேயே வழங்குகிறது. சேஷாத்ரி சென்னை கணிதவியல் நிறுவனத்தை உண்டாக்கினார். நரசிம்மன் பிற்காலத்தைப் பெங்களூரில் கழித்து, 2021 மே மாதம் அங்கேயே காலமானார்.

ரெண்டு பேருக்கும் பத்மபூஷண். ரசீன் 1976-ல் இறந்தார். அவர் பெயரில் அப்படிப் பெரிய தேற்றம் எதுவும் கிடையாது. ஆனால் இந்த மாணவர்கள் தங்கள் கதையைச் சொல்ல நேர்ந்த இடத்திலெல்லாம் அவர் பெயரைச் சொன்னார்கள். அவர்கள் சொன்னதால்தான் நான் இன்றைக்கு இங்கே உட்கார்ந்து அவரைப் பற்றி எழுத முடிகிறது. ரசீன் மாதிரி எத்தனை பேர் இருந்து, மாணவன் வாய் திறக்காததால் தடம் தெரியாமல் போனார்களோ!

*

சரி, ஏன் இவ்வளவு கஷ்டம்? விருது கொடுக்கிறவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆராய்ச்சியை எண்ணலாம். கட்டுரை இத்தனை, காப்புரிமை இத்தனை, மேற்கோள் இத்தனை. பாடம் நடத்தியதை எப்படி எண்ணுவது? பாஸ் சதவிகிதத்தை வைத்தா? கெட்டிக்காரப் பிள்ளைகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் காலேஜில் தூங்கிக்கொண்டே நடத்தினாலும் எல்லோரும் பாஸ். பிள்ளைகளிடம் படிவம் கொடுத்து மார்க் போடச் சொன்னால், தமாஷாகப் பேசுகிறவருக்கும் பரீட்சையில் தாராளமாக மார்க் போடுகிறவருக்கும் கூட்டம் சேரும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2010-ல் ஒரு புள்ளிக் கணக்குக் கொண்டுவந்தது. பதவி உயர்வுக்குப் பாடம் நடத்துவதற்கு இவ்வளவு, கட்டுரை வெளியிட்டால் இவ்வளவு என்று. ஆய்வகமோ நேரமோ இல்லாத காலேஜ் வாத்தியார்கள்கூடப் புள்ளிக்காகக் கட்டுரை எழுத ஓடினார்கள். காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சடிக்கும் பத்திரிகைகள் கொழுத்தன. 2018-ல் வந்த விதிகளில் கல்லூரி ஆசிரியர்களுக்கு அந்தப் புள்ளிக் கணக்கைக் கைவிட்டார்கள். காலேஜ்களுக்குத் தரம் போடும் 'நாக்' அமைப்பு 1994-ல் வந்தது. அதன் தலைமையகம் பெங்களூரிலேயேதான் இருக்கிறது. ஆனால் அது மதிப்பெண் போடுவது காலேஜுக்கு. வகுப்பில் நிற்கும் தனி ஆளுக்கு அல்ல.

இந்திய அறிவியல் நிறுவனத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பெங்களூர் ஆட்களுக்கு 'டாட்டா இன்ஸ்டிடியூட்'. 1909-ல் தொடங்கியது. பிளஸ் டூ முடித்தவர்களை நேரே எடுத்துக்கொள்ளும் நாலு வருஷ இளநிலை அறிவியல் படிப்பை அங்கே ஆரம்பித்தது 2011-ல். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. அங்கே நல்ல ஆசிரியர்களுக்குக் கொடுக்கும் விருது ஒன்று பிரீத்தி சங்கர் பெயரில் இருக்கிறது. டெல்லி ஐ.ஐ.டி.யில் பொறியியல் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர்தான், 1968-ல். பிறகு இந்த நிறுவனத்தில் கணினி அறிவியல் பேராசிரியராக இருந்தவர். இளம் உதவிப் பேராசிரியர்களுக்குப் பாடம் நடத்துவதற்காக ஒரு விருது, அதுவும் ஒரு ஆசிரியையின் பெயரில். எனக்கு அதைப் படித்ததும் நிறைவாக இருந்தது.

'அமெரிக்காவில் எல்லாம் பிரமாதம்' என்று நினைத்துவிடாதீர்கள். இங்கேயும் இளநிலைப் பாடம் நடத்துவதற்கென்று நாடு தழுவிய 'ஆண்டின் சிறந்த பேராசிரியர்' விருது ஒன்று 1981-ல் ஆரம்பித்தது. 2015-ஓடு நிறுத்திவிட்டார்கள். பல்கலைக்கழகங்கள் தனித்தனியாகக் கொடுப்பதுதான் மிச்சம்.

ஆக, எண்ணிக்கையில் அகப்படாத ஒன்றை எண்ணப் பார்த்து எல்லோரும் திணறுகிறார்கள். சாட்சி சொல்லக்கூடிய ஒரே ஆள் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தவன். அவனுக்கோ அந்தப் பாடம் உதவியது என்று தெரியவே பத்து இருபது வருஷம் ஆகிவிடுகிறது. அதற்குள் அவன் வேறு ஊரில், நம்மை மாதிரி வேறு கண்டத்தில் இருக்கிறான்.

*

இவ்வளவு எழுதிவிட்டு என் கதையைச் சொல்லாமல் போனால் நியாயமில்லை.

நான் தமிழ் மீடியம். ஓசூரிலிருந்து தினம் பஸ்ஸில் போய் வந்தேன். முதல் ஆறு மாதம் வகுப்பில் ஆங்கிலமும் புரியவில்லை, வெளியே கன்னடமும் புரியவில்லை. நின்றுவிடலாம் என்று முடிவு செய்து, அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

இயற்பியல் லேபில் ஒரு சார். கன்னடக்காரர். ஒருநாள் ஸ்பெக்ட்ரோமீட்டரில் முப்பட்டகத்தை வைத்துக் குறைந்தபட்ச விலகு கோணம் பார்க்க வேண்டும். எல்லோரும் முடித்துப் போய்விட்டார்கள். நான் மட்டும் கண்ணை வைத்து முழித்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அரைகுறைத் தமிழில், "நோடப்பா, மெதுவா சுத்து. கோடு ஒரு பக்கமாப் போகும். அப்புறம் நிக்கும். அப்புறம் திரும்பி வரும். அந்தத் திரும்பற எடம்தான் வேணும், அங்கேயே நிறுத்து" என்றார். சுத்தினேன். கோடு போனது, நின்றது, திரும்பியது. அதுவரைக்கும் பாடப் புத்தகத்தில் வெறும் ஆங்கில வார்த்தையாக இருந்தது, கண் முன்னால் நடந்தது.

அதிலிருந்து அந்த வருஷம் முடியும் வரை, லேப் இருந்த நாளெல்லாம், கலாசிபாளையத்தில் எனக்கு ஓசூர் பஸ் கிளம்பும்வரை இருபது நிமிஷம் எனக்கென்று உட்கார்ந்து, அன்றைய பாடத்தைத் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். நான் நிற்கவில்லை. மீதி எல்லாம், எம்.சி.ஏ., வேலை, விசா, இந்தப் பனிக்கொட்டும் ஊர், அந்த ஸ்டூலுக்கு அப்புறம் வந்தவை.

முப்பத்தைந்து வருஷத்தில் நான் அவருக்கு ஒரு கடுதாசி போட்டதில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் 'அடுத்த தடவை' என்று சொல்லிக்கொண்டு, நகைக்கடைக்கும் துணிக்கடைக்கும் போய்விட்டு வந்திருக்கிறேன்.

மகள் அவளுடைய கடிதத்தை முடித்து அனுப்பிய அன்று ராத்திரி நான் உட்கார்ந்தேன். பழைய வகுப்புத் தோழன் மூலம் விலாசம் கிடைத்தது. இருக்கிறார். வயசு எண்பத்தி நாலு. பெங்களூரிலேயே மகள் வீட்டில். தமிழில் எழுதினால் படிக்க முடியாதே என்று ஆங்கிலத்தில் ரெண்டு பக்கம் எழுதினேன். மகளுக்குச் சொன்ன அறிவுரையையே பின்பற்றினேன்: அவர் என்ன செய்தார் என்பதை விட எனக்கு என்ன ஆயிற்று என்று.

மூணு வாரம் கழித்து அவருடைய மகள் போனில் பேசினார். அப்பாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை, நான்தான் வாசித்துக் காட்டினேன், ரெண்டு தடவை வாசிக்கச் சொன்னார் என்றார். அப்புறம் போனை அவரிடம் கொடுத்தார்.

"ஏனப்பா, சௌக்கியமா?" அதே அரைகுறைத் தமிழ். "லெட்டர்ல எண்பத்தொம்பதுன்னு எழுதியிருக்கே. ஸ்பெக்ட்ரோமீட்டர் நீ செஞ்சது எண்பத்தெட்டு டிசம்பர். அந்த ரெகார்டு நோட்டை நீ இன்னும் கையெழுத்துக்குக் கொண்டுவரலை."

எனக்குப் பேச வரவில்லை. வருகிற ஜூலையில் ஊருக்குப் போகிறேன். நேராக அங்கேதான் முதலில்.

அவர் பெயரைப் பதிவில் போடட்டுமா என்று கேட்டேன். "வேண்டாமப்பா, நான் என்ன பண்ணினேன், வேலையைத்தானே பண்ணினேன்" என்றுவிட்டார். ஆகவே போடவில்லை. ராதாகிருஷ்ணனுக்கு வண்டி இழுத்த பசங்கள் அளவுக்கு எனக்குத் தெம்பு இல்லை. ரெண்டு பக்கக் கடுதாசிதான் முடிந்தது. உங்களுக்கும் அப்படி ஒருத்தர் இருப்பார், யோசித்துப் பாருங்கள். இன்னும் இருக்கிறாரா என்று இந்த வாரமே விசாரியுங்கள்.

பி.கு.: மகளுடைய பேராசிரியருக்கு விருது கிடைக்குமா என்பது இன்னும் தெரியவில்லை. 'கிடைக்காட்டியும் பரவாயில்லப்பா, அந்த லெட்டரை அவருக்கே ஒரு காப்பி அனுப்பிட்டேன்' என்கிறாள். எனக்கு முப்பத்தைந்து வருஷம் பிடித்தது, அவளுக்கு ஒரு செமஸ்டரில் விளங்கிவிட்டது :-)